சாம்பிள் அனுப்ப இவ்வளவு காசா? டி.எச்.எல். மாதிரி கம்பெனிங்க எப்படி இவ்வளவு பெருசாச்சு?

பின்னலாடை நந்து எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசரா, அதாவது பையர் (துணி வாங்கற வெளிநாட்டுக் கம்பெனி) ஆர்டரைக் கவனிச்சுக்கற வேலையில, சேர்ந்து நாலு மாசம் ஆகுது. போன வாரம் ஜெர்மனி பையருக்கு சைஸ் செட் சாம்பிள் அனுப்பினேன். ஹூடி, எஸ் முதல் டபுள் எக்ஸ்எல் வரைக்கும் அஞ்சு சைஸ், ரெண்டு கலர், மொத்தம் பத்து பீஸ். ஃபினிஷிங் செக்‌ஷன் தராசுல நானே நின்னு எடை போட்டேன், 4.2 கிலோ. பில் வந்தா 10 கிலோன்னு இருக்கு! அக்கவுண்ட்ஸ் அண்ணா என்னைக் கூப்பிட்டு, "இது யாரு அனுப்பினது"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டார். பாக்ஸ் அளவு 50, 40, 24 சென்டிமீட்டர்.

அது ஒரு கேள்வி. இன்னொண்ணு, எங்க எம்.டி. அன்னைக்கு கூரியர்காரங்களைப் பத்தி, "அவங்க இல்லைன்னா திருப்பூரே இல்லம்மா, காசைப் பார்க்காத, அளவைப் பாரு"ன்னு சொன்னார். அப்போ இருந்து மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. போஸ்ட் ஆபீஸ் ஊர் ஊருக்கு இருக்கறப்போ ஒரு தனியார் கம்பெனி எப்படி உலகம் பூரா இப்படி வளர்ந்துச்சு? யார் ஆரம்பிச்சது? இந்தத் தொழில்ல ரொம்ப நாள் இருந்தவங்க சொன்னா நல்லா இருக்கும்.

கட்டிங் டேபிள் எழுதியது:

கூரியர்ல ரெண்டு எடை பார்ப்பாங்க. ஒண்ணு தராசு எடை, இன்னொண்ணு அது அடைக்கிற இடத்துக்கான எடை. நீளம், அகலம், உயரம் மூணையும் பெருக்கி 5000-ஆல வகுத்துக்கங்க. உங்க பாக்ஸ் 48,000, வகுத்தா 9.6, அதை அடுத்த அரைக் கிலோவுக்கு ஏத்தி 10. எது அதிகமோ அதுக்குத்தான் பில். பிளேன்ல எடை தீர்றதுக்கு முன்னாடி இடம் தீர்ந்து போயிரும், அதுக்காகத்தான் இந்தக் கணக்கு.

ஹூடியைக் காத்து போக அமுக்கி, தட்டையா மடிச்சு, 40, 30, 15 பாக்ஸுக்குள்ள வெச்சிருந்தா 3.6 தான் வரும். அப்போ தராசு எடை 4.2ஐ வெச்சே பில் போட்டிருப்பாங்க. அடுத்த தடவை ஃபினிஷிங்ல சும்மா கிடக்கிற பாக்ஸை எடுக்காதீங்க, சாம்பிளுக்குன்னு தனியா சின்ன பாக்ஸ் அடிச்சு வெச்சுக்கங்க.

பச்சைத்தாள் எழுதியது:

அம்மிணி, தராசுக் கணக்கை மேல தம்பி சரியாச் சொல்லிட்டாரு. ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன். 1993ல இருந்து போன வருசம் வரைக்கும் எனக்கு டாக்குமெண்டேஷன் வேலைதான், அதாவது ஏற்றுமதிக் காகிதம் தயார் பண்றது, மூணு கம்பெனியில. என் கையால ஒட்டின கூரியர் பவுச்சுக்குக் கணக்கே இல்ல. அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

டி.எச்.எல். ஆரம்பிச்சது 1969ல, அமெரிக்காவுல சான் ஃபிரான்சிஸ்கோவுல. ஏட்ரியன் டால்சி, லாரி ஹில்ப்ளோம், ராபர்ட் லின்னு மூணு பேரு. அவங்க குடும்பப் பேரோட முதல் எழுத்துதான் அந்த மூணு எழுத்து. ஹில்ப்ளோம் சட்டம் படிச்சிட்டிருந்த பையன், படிக்கறப்பவே ஒரு கம்பெனிக்குக் கூரியராப் போயி வந்துட்டிருந்தவரு. முதல் பத்து வருசம் அவங்க தூக்கிட்டுப் போனது பெரும்பாலும் காகிதந்தான். பார்சல் எடுக்க ஆரம்பிச்சதே 1979ல.

என்ன காகிதம்? நம்ம பி.எல். (பில் ஆஃப் லேடிங்) தானுங்க. கப்பல்ல சரக்கு ஏத்தினதுக்கு ஷிப்பிங் லைன் குடுக்கற ஒரிஜினல் ரசீது. சான் ஃபிரான்சிஸ்கோவுல இருந்து ஹவாய் தீவுல இருக்கற ஹோனலூலுவுக்குக் கப்பல் போகும். சரக்கு போயிச் சேர்ந்துரும், காகிதம் பின்னாடியே வரும். அது வந்து கஸ்டம்ஸ் முடியற வரைக்கும் துறைமுகத்துல கிடக்கணும், கிடக்கற ஒவ்வொரு நாளும் காசு. இவங்க அந்தக் காகிதத்தைப் பையில போட்டு, சாதாரணப் பயணி மாதிரி பிளேன் ஏறிக் கொண்டு போயிக் குடுத்தாங்க. கப்பல் இன்னும் நடுக்கடல்ல இருக்கறப்பவே கஸ்டம்ஸ் வேலை தொடங்கிரும். சொந்த பிளேன் கிடையாது, கிடங்கு கிடையாது. ஒரு டிக்கெட், ஒரு பை, அந்தப் பக்கம் வாங்கிக்கறதுக்கு ஒரு ஆளு, அவ்வளவுதான் தொழில்.

நான் இதை முதல் தடவை கேள்விப்பட்டப்போ எனக்கு உடம்பே சிலிர்த்துச்சு. ஏன்னா நான் நாள் பூரா செஞ்சிட்டிருந்த வேலை அதேதான். தூத்துக்குடியில இருந்து ஃபீடர் கப்பல் கொழும்பு போகும், அங்க பெரிய கப்பலுக்கு மாத்தி ஹாம்பர்க். மூணு வாரத்துக்கு மேல ஆகும். மூணு வாரம் இருக்கே, என்ன அவசரம்னு தோணும். கப்பல் கிளம்பினாத்தான் பி.எல். கைக்கு வரும். அதோட இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் சேரணும், அப்புறம் ஃபார்ம் ஏ, அதாவது சரக்கு இந்தியாவுல செஞ்சதுன்னு காட்டற சான்றிதழ். உங்க காலத்துல அது இல்ல, 2017ல ஐரோப்பாவுக்கு ரெக்ஸ் முறை (ஏற்றுமதி பண்றவங்களே பதிவு பண்ணிக்கிட்டு எழுதிக் குடுக்கறது) வந்து அதை எடுத்துட்டாங்க. அப்போ ஃபார்ம் ஏ இருந்தாத்தான் ஐரோப்பாவுல பையருக்கு வரிச் சலுகை. தாள் பூரா பச்சை நிறத்துல நெளி நெளியாக் கோடு ஓடும். ஒரு எழுத்தை ரப்பர் வெச்சு அழிச்சாலும் அந்தப் பச்சையும் சேர்ந்து வெளுத்துக் காட்டிக் குடுத்துரும். அதுக்காகவே அப்படி அச்சடிச்சது. டைப்ரைட்டர்ல அதை அடிக்கறப்போ நான் மூச்சு விட மாட்டேன். அட்டைப்பெட்டி எண்ணிக்கையில ஒரு எண் மாறினா தாளைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா அடிச்சு, திரும்ப சீல் வாங்கணும். இப்படியே நாள் ஓடிரும்.

1997ல எனக்கு நடந்ததைச் சொல்றேன். ஈஸ்டருக்குக் கடையில தொங்க வேண்டிய குழந்தைங்க டி-ஷர்ட். மூணு ஒரிஜினல் பி.எல்.ல ஒண்ணை நேரா பையருக்குக் கூரியர்ல அனுப்பணும்னு எல்.சி.யிலயே (பையரோட பேங்க் பணத்துக்கு உறுதி குடுக்கற கடிதம்) போட்டிருந்துச்சு. ஃபார்ம் ஏ திருத்தத்துல நாள் போயி, கப்பல் கிளம்பின பதினேழாம் நாள்தான் பவுச் ரெடி. அந்த வாரம் ஒரு கூரியர்காரங்க ரேட்டு குறைச்சுக் குடுத்தாங்க. பேரு வேண்டாம். முதலாளிக்குக் காசு மிச்சம் பண்ணிக் குடுக்கலாம்னு நானே முடிவு பண்ணிக் குடுத்துட்டேன். நாலு நாள்ல போக வேண்டிய பவுச், வேற ஏதோ நாட்டுக் கிடங்குல ஒம்பது நாள் தூங்கிருச்சு. இங்க கோயம்புத்தூர் ஆபீஸுக்கு ஃபோன் பண்ணினா "அங்க எங்க ஏஜெண்ட்டு கிட்ட கேக்கறோம்"னு சொல்லுவாங்க. அங்க ஃபோனை எடுக்கற ஆளே இல்ல. கப்பல் ஹாம்பர்க் போயிருச்சு, என் காகிதம் போகல. பையர் கிட்ட இருந்து தினமும் காலையில ஃபேக்ஸ். அந்த மிஷின் கீச்சுன்னு சத்தம் போட்டாலே வயித்துக்குள்ள கலக்கும். கடைசியில சரக்கு துறைமுகத்துல கிடந்ததுக்கான டெமரேஜ் காசு பூராத்தையும் எங்க தலையில கட்டி டெபிட் நோட் போட்டாங்க. முதலாளி ஒரு வார்த்தை திட்டல. அதுதான் இன்னும் வலிச்சுது.

அன்னைக்குத்தான் நான் எதுக்குக் காசு குடுக்கறேன்னு எனக்குப் புரிஞ்சுது. பிளேனுக்கு இல்ல அம்மிணி. அந்தக் கோடியில, நம்ம பவுச்சைத் தன்னோடதா நினைச்சு வாங்கற ஒரு ஆளுக்கு. டி.எச்.எல். வளர்ந்த கதையைப் பாருங்க, அந்த ஆளை ஊர் ஊரா உக்கார வெச்ச கதைதான். 1971, 72லயே பிலிப்பைன்ஸ், ஜப்பான், ஹாங்காங், சிங்கப்பூர், ஆஸ்திரேலியான்னு போயிட்டாங்க. ஹாங்காங்ல போ சுங்னு உள்ளூர்க்காரரைக் கூட்டாளியாச் சேர்த்துக்கிட்டாங்க. 1974ல லண்டன். அடுத்த நாலஞ்சு வருசத்துல மத்தியக் கிழக்கு, ஆப்பிரிக்கா. 1986ல சீன அரசாங்கத்தோட சைனோட்ரான்ஸ் கூடச் சேர்ந்து சீனாவுக்குள்ள. பேங்கும் கப்பல் கம்பெனியும் எங்கெங்க ஆபீஸ் போட்டாங்களோ அங்கெல்லாம் இவங்களும் போனாங்க.

ஃபெடெக்ஸ் வேற வழி. ஃபிரெட் ஸ்மித் 1973 ஏப்ரல் 17ஆம் தேதி மெம்ஃபிஸ் ஊர்ல இருந்து சொந்தமா 14 பிளேனை வெச்சு ஆரம்பிச்சாரு. முதல் ராத்திரி 25 ஊருக்கு 186 பார்சல். அவங்க அமெரிக்காவுக்குள்ளயே வேரை இறக்கிட்டாங்க. அதனால பின்னாடி டி.எச்.எல். 2003ல ஏர்போர்ன் கம்பெனியை வாங்கி அமெரிக்க உள்நாட்டு டெலிவரிக்குள்ள இறங்கினப்போ நிக்க முடியல. 2009 ஜனவரியோட அந்தச் சேவையை நிறுத்திட்டாங்க. ஊர்க்காரன் முன்னாடியே உக்கார்ந்துட்ட இடத்துல பெரிய கம்பெனின்னாலும் நுழையறது கஷ்டம்.

போஸ்ட் ஆபீஸ் பத்திக் கேட்டீங்க. நம்ம நாட்டுல 1898ஆம் வருசச் சட்டப்படி கடிதம் கொண்டு போற உரிமை அரசாங்கத்துக்கு மட்டுந்தான் இருந்துச்சு. 2023ல புதுச் சட்டம் போட்டு, 2024 ஜூன்ல அது நடைமுறைக்கு வந்தப்போதான் அந்தப் பிரிவு போச்சு. அந்தப் பழைய சட்டத்துக்காகத்தான் நாங்க பவுச் மேல "டாக்குமெண்ட்ஸ்"னு எழுதுவோம், "லெட்டர்"னு எழுத மாட்டோம். முதல் நாளே எனக்கு சீனியர் சொல்லிக் குடுத்த பாடம் அது.

இதுல எனக்கு இன்னைக்கும் ஆச்சரியமா இருக்கற விஷயம் ஒண்ணு. போஸ்ட் ஆபீஸ் மெதுவாப் போகுதுன்னு பிறந்த கம்பெனியைக் கடைசியில வாங்கினதே ஒரு போஸ்ட் ஆபீஸ்தான். ஜெர்மனியோட டாய்ச்ச போஸ்ட். அதைப் பங்குக் கம்பெனியா மாத்தி, 2000ல பங்குச் சந்தைக்குக் கொண்டு வந்து, 1998ல இருந்தே டி.எச்.எல். பங்கைக் கொஞ்சம் கொஞ்சமா வாங்கி, 2002 முடியறப்போ பூராத்தையும் வாங்கிட்டாங்க. அந்த மஞ்சளும் சிவப்பும் அதுக்கப்புறம் வந்த கலர். 2023ல குழுமத்துப் பேருல இருந்த "டாய்ச்ச போஸ்ட்"டை எடுத்துட்டு டி.எச்.எல். குரூப்னே வெச்சுக்கிட்டாங்க.

உங்க எம்.டி. சொன்னதுல பாதி சரி. 1978ல இத்தாலியில இருந்து வெரோனாங்கற வியாபாரி பனியனைத் தேடித் திருப்பூருக்கு வந்தப்போ அவரைக் கூட்டிட்டு வந்தது கூரியர் இல்ல. திருப்பூரை உண்டாக்கினவங்க நிட்டிங்லயும் சாயப்பட்டறையிலயும் தையல் மிஷின்லயும் ராத்திரி பகலா நின்னவங்க. ஆனா சீசனுக்கு ஒரு ஸ்டைல், லேப் டிப் (சாய நிறம் பார்க்கற துணித் துண்டு), ஃபிட் சாம்பிள் (அளவு பார்க்க), பி.பி. சாம்பிள் (புரொடக்‌ஷனுக்கு முந்தினது)னு ஒவ்வொண்ணுக்கும் பையர் தொட்டுப் பார்த்து ஓகே சொல்லணும்னு வந்த பிறகு, அந்த ஓகே வர்ற வரைக்கும் கட்டிங் டேபிள் சும்மா கிடக்கும். சாம்பிள் பத்து நாள் வழியில இருந்தா அந்த ஆர்டர் நமக்கு வந்திருக்காது. அதுவரைக்கும் அவர் சொன்னது உண்மை.

எக்ஸ்.எல். சூப்பர் எழுதியது:

அண்ணா எழுதினதைப் படிச்சுக் கண்ணு கலங்கிருச்சுங்க. நான் 2001ல இருந்து பதினோரு வருசம் ஒரு இண்டர்நேஷனல் கூரியருக்குப் பிக்கப் பையன். காதர்பேட்டை, ராயபுரம், குமார் நகர், பி.என். ரோடு என் லைன். பின்னாடி ரெண்டு பக்கமும் பை கட்டின டி.வி.எஸ். எக்ஸ்.எல். சூப்பர்.

ஏழரைக்குக் கோயம்புத்தூர் வண்டி கெளம்பிரும். ஏழு மணிக்குத்தான் எல்லாக் கம்பெனியிலயும் "தம்பி, பத்தே நிமிசம்"னு ஆரம்பிப்பாங்க. உள்ள போயிப் பார்த்தா ஒரு அக்கா கடைசி பட்டனைத் தைச்சிட்டிருப்பாங்க, இன்னொருத்தர் அயர்ன் பாக்ஸோட நிப்பாரு, அந்த நேரம் பார்த்துக் கரண்ட்டு போகும். ஜெனரேட்டர் போடற வரைக்கும் டார்ச்சு வெளிச்சத்துல பட்டன் தைப்பாங்க. நான் அந்த நேரத்துல ஏர்வே பில்லை, அதாவது பார்சலோட போற கூரியர் ரசீதை, எழுதி வெச்சிருவேன். அஞ்சு காப்பி கார்பன், பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி எழுதலைன்னா கடைசிக் காப்பியில விலாசமே விழாது. அந்தக் கடைசிக் காப்பியைப் பார்த்துத்தான் அந்த ஊர்ல ஒருத்தன் டெலிவரி குடுப்பான்னு சூப்பர்வைசர் சொல்லிக் குடுத்திருந்தாரு. அதனால நான் ஒவ்வொண்ணையும் திருப்பி, கடைசித் தாளைப் படிச்சுப் பார்த்துட்டுத்தான் கையெழுத்து வாங்குவேன்.

ஒரு நாள் மழையில நல்லூர்ப் பக்கம் வண்டி நின்னுருச்சு. பி.பி. சாம்பிள் பையைச் சட்டைக்குள்ள விட்டுக்கிட்டு ரெண்டு கிலோமீட்டர் ஓடினேன். வண்டிக்காரரு எனக்காக அஞ்சு நிமிசம் நிறுத்தி வெச்சிருந்தாரு. சாம்பிள் நனையல. அடுத்த வாரம் அந்த மெர்ச்சண்டைசர் அக்கா எங்க ஆபீஸுக்கே ஃபோன் பண்ணி ஆர்டர் கன்ஃபர்ம் ஆயிருச்சுன்னு சொன்னாங்க. எத்தனை பீஸ், யாரு பையர்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்த ஃபோன் எனக்கு வந்தது.

கம்பெனி வளர்ந்ததுல அமெரிக்காவுல ஆரம்பிச்சவங்க பேரைச் சொல்லுங்க, தப்பில்ல. கூடவே லைன் ஓடினவங்களையும் ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்க நந்து தங்கச்சி.

லைப்சிக் தமிழ் எழுதியது:

நந்து, டி.எச்.எல்.ல அனுப்பியிருந்தீங்கன்னா உங்க ஹூடி பாக்ஸ் நான் இருக்கிற ஊர் வழியாகப் போயிருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. கிழக்கு ஜெர்மனியில லைப்சிக்-ஹாலே விமான நிலையத்துலதான் டி.எச்.எல். எக்ஸ்பிரஸோட ஐரோப்பிய மையம். முன்னாடி பிரஸ்ஸல்ஸ்ல இருந்தது. ராத்திரி விமானங்களை அதிகமாக்க பெல்ஜியத்துல அனுமதி கிடைக்காததால 2004ல இந்த ஊரைத் தேர்ந்தெடுத்து, 2008ல முழுசா இங்க மாறினாங்க. பகல்ல அந்த ஓடுபாதை அமைதியா இருக்கும். நடுராத்திரி நெருங்கினா மஞ்சள் விமானங்கள் ஒண்ணு பின்னாடி ஒண்ணா இறங்கும், சில மணி நேரத்துல பிரிச்சு ஏத்தி, விடியறதுக்குள்ள எல்லாம் கிளம்பிடும். ராத்திரி சத்தத்தைப் பத்தி இங்க சுத்துப்பட்டு ஊர்க்காரங்களுக்கு இன்னைக்கும் வருத்தம் இருக்கு. உங்களுக்கு நாலாம் நாள் கிடைக்கிற "டெலிவர்டு" மெசேஜுக்குப் பின்னாடி இவங்க தூக்கமும் இருக்குங்கிறதைச் சொல்லணும்னு தோணிச்சு.

பின்னலாடை நந்து எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பச்சைத்தாள் ஐயா எழுதினதை ஆபீஸ்ல சத்தமாப் படிச்சேன், டாக்குமெண்டேஷன் சார் எந்திரிச்சு வந்து நின்னு கேட்டார். எக்ஸ்.எல். சூப்பர் அண்ணா, இன்னைக்குச் சாயங்காலம் பிக்கப்புக்கு வந்த தம்பிக்கு முதல் தடவையா உக்காரச் சேர் போட்டு டீ குடுத்தேன். நாலு மாசமா அவன் வாசல்லயே நின்னுட்டிருந்தான்.

ஐயா, ஒரே ஒரு சந்தேகம். இப்போ பி.எல். எல்லாம் டெலக்ஸ் ரிலீஸ் ஆயிருச்சு, ஒரிஜினலைக் காட்டாமலே மெசேஜ்லயே சரக்கை விட்டுடறாங்க, காகிதமே போறதில்லை. ரெக்ஸ் வந்து ஃபார்ம் ஏயும் போச்சு. அப்போ கூரியர்ல நாம கவனிக்க வேண்டியது சாம்பிள் மட்டுந்தானா?

பச்சைத்தாள் எழுதியது:

எல்லா பையரும் டெலக்ஸ் ரிலீஸ் ஒத்துக்க மாட்டாங்க அம்மிணி. எல்.சி. ஆர்டர்னா பேங்குக்குப் பெரும்பாலும் ஒரிஜினல் காகிதந்தான் வேணும், இன்னைக்கும் அப்படித்தான். உங்க சார் டேபிள்ல போயிப் பாருங்க, ஒரு பவுச்சாவது இருக்கும்.

சாம்பிளுக்கு ஒண்ணு சொல்றேன். இன்வாய்ஸ்ல "சாம்பிள்"னு மட்டும் எழுதாதீங்க. என்ன துணி, எத்தனை சதவீதம் காட்டன், ஆண்களுக்கா பெண்களுக்கா, எத்தனை பீஸ், ஒரு பீஸ் மதிப்பு எவ்வளவுன்னு எழுதுங்க. அந்தப் பக்கம் கஸ்டம்ஸ்ல உக்கார்ந்திருக்கறவங்களுக்கு உங்க ஹூடி தெரியாது, உங்க தாள்தான் தெரியும். அப்புறம் ஏர்வே பில் நம்பரை மெயில்ல மட்டும் விடாம ஒரு நோட்டுல எழுதி வைங்க. தேதி, பையர், ஸ்டைல் நம்பர், எடை, பாக்ஸ் அளவு. என்கிட்ட 1997ல இருந்து நோட்டு இருக்கு. அந்த ஹாம்பர்க் பவுச் நம்பரும் அதுல இருக்கு.